வருவோர் தடம்: கண்டிச் சீமையின் கடவைகளும் கணக்கேடுகளும்

ஓர் இடத்துக்கு வந்து போகிறவர் யார், எவ்வழியே வந்தார், எங்கெங்கு நின்றார், எப்போது திரும்பினார் என்பவற்றை அறிந்துவைக்க அவ்விடத்துக்கு உரியவர் விரும்பினால் அவர்முன் இருக்கும் வழிகள் அடிப்படையில் இரண்டே. வருபவரிடமே ஓர் அடையாளத்தைக் கொடுத்து, அதை அவர் சுமந்து செல்லுமாறு செய்வது ஒரு வழி. வாயிலில் ஏடொன்றை வைத்து வந்தவரை அதில் பதிந்துகொள்வது மற்றொரு வழி. இணையத்தளங்கள் தம் வருகையாளரைப் பின்தொடரும் முறைகளும் இந்த இரண்டாகவே பிரிகின்றன. வருகையாளரின் கணினியிலோ கைபேசியிலோ ஓடும் நிரலைக் கொண்டு செய்வது பயனர்பக்கக் கண்காணிப்பு என்றும், தளத்தின் பக்கங்களை அனுப்பிவைக்கும் சேவையகக் கணினியிலேயே பதிவுசெய்வது சேவையகப்பக்கக் கண்காணிப்பு என்றும் சொல்லப்படும். இவ்விரு முறைகளும் தனித்தனியே இயங்கியபோது எவ்வளவு குறைபாடு உடையனவாக இருந்தன என்பதையும், ஒன்றோடொன்று பொருத்தப்பட்டபோது மனிதர்மீது எத்தகைய பிடியைத் தந்தன என்பதையும் காட்டும் வரலாறு கண்டிச் சீமையில் ஏறத்தாழ 350 ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது. அதன் பெரும்பகுதி தமிழரின் வரலாறுமாகும்.

கண்டி இராச்சியம் நிலைபெற்றதற்கு அதன் நிலவமைப்பே முதற் காரணம். மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்தோட, மலைத்தொடர்களின் இடையே சில ஒடுங்கிய கணவாய்கள் வழியாக மட்டுமே தலைநகரை அணுகக்கூடியதாக இருந்தமையால், மேற்கே பலனை, கலகெதர போன்ற வழிகளைக் காத்தாலே நாட்டைக் காத்ததாயிற்று. 1638ஆம் ஆண்டு கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அழித்த இரண்டாம் இராஜசிங்கனின் காலத்தில் இக்காவல் படையெடுப்புக்கு எதிரான ஏற்பாடு என்ற அளவில் நிற்காமல், நாளாந்தம் நடமாடும் மக்கள் அனைவரையும் சோதிக்கும் ஒழுங்காக வளர்ந்தது. இதை அருகிலிருந்து கண்டு எழுதியவர் றொபேட் நொக்ஸ். 1660இல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் கரையில் சிறைபிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளைக் கண்டிச் சீமையின் ஊர்களில் கழித்த இந்த ஆங்கிலக் கப்பலோட்டி, தப்பிச் சென்றபின் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல், அக்காலக் கண்டியைப் பற்றிய பிற நாட்டவர் குறிப்புகளுள் தலையாயது.

நொக்ஸ் தரும் விவரப்படி, வழிகளில் முட்களால் ஆன கதவுகள் இடப்பட்டு, போவோர் வருவோரையும் அவர்கள் கொண்டுசெல்லும் பொருள்களையும் ஆராயக் காவலர் நிறுத்தப்பட்டிருந்தனர். கடிதங்கள் வெளியே போகாமலும் கைதிகள் தப்பாமலும் பார்ப்பதே அவர்களின் முதற் கடமை. அரசனின் நகரிலிருந்து புறப்படுபவர் அனுமதிச் சீட்டு ஒன்றைக் கொண்டுசெல்ல வேண்டும். அச்சீட்டு ஓலையன்று, களிமண்ணில் பதித்த முத்திரை. படைவீரனுக்குத் தோளில் ஈட்டி ஏந்திய மனித உருவம். கூலியாளுக்குக் காவடித் தண்டின் இரு முனையிலும் பொதி தொங்கச் சுமக்கும் உருவம். வெள்ளையருக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியும் உடைய உருவம். கூட்டமாகச் செல்பவர் எத்தனை பேரோ அத்தனை உருவங்கள் அக்களிமண்ணில் பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. எழுத்தறியாத காவலனும் ஒரு பார்வையில் படித்துவிடக்கூடிய இந்த முத்திரை, மூன்று செய்திகளைத் தன்னுள் கொண்டிருந்தது: வருபவர் எவ்வகையினர், எத்தனை பேர், அரசனின் அனுமதி பெற்றவரா. நகருக்குள் நுழைபவரைவிட வெளியேறுபவரே கடுமையாகச் சோதிக்கப்பட்டனர் என்று நொக்ஸ் சொல்வதும் கவனிக்கத்தக்கது. யார் வந்தார் என்பதைவிட யார், எதனுடன் வெளியேறுகிறார் என்பதே கண்டி அரசின் கவலையாக இருந்தது.

இந்த முறையில் அடையாளம் முழுவதும் பயணியின் கையிலேயே இருந்தது. முத்திரை ஒரு வகையினரைக் குறித்ததே தவிர இன்னார் என்று ஒருவரைக் குறிக்கவில்லை. கண்டி அரசில் எழுத்து ஏடுகள் இல்லாமலில்லை. நிலத்தையும் நிலத்துக்கு உரிய இராசகாரிய ஊழியக் கடமைகளையும் லேகம் மிட்டி எனப்பட்ட ஓலைப் பதிவேடுகள் விரிவாகக் கணக்கு வைத்திருந்தன. ஆயினும் அவை குடியிருப்போரின் ஏடுகள், நடமாடுவோரின் ஏடுகள் அல்ல. அடையாளம் ஒரு பக்கம், ஏடு மறுபக்கம் என்று பிரிந்து கிடந்த இந்த இடைவெளியினூடாகவே நொக்ஸ் வெளியேறினார். கண்டியை அடுத்த எலதெத்தவில் வீடு அமைத்து வாழ்ந்த அவர், தன் தோழர் ஸ்டீபன் ரட்லண்டுடன் சில்லறைப் பண்டங்களைச் சுமந்து வடக்கு நோக்கி மீண்டும் மீண்டும் வியாபாரம் செய்யப் போய்வந்து, வழிநெடுகிலும் உள்ளவர்கள் தம்மை ஊர் சுற்றும் வணிகராகவே கருதும்படி பழக்கிவிட்டார். 1679இல் அதே வணிகக் கோலத்தில் அநுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையோரக் காட்டைப் பிடித்து, ஒக்டோபர் மாதத்தில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். காவலர் ஆராய்வது தோற்றத்தை மட்டுமே என்பதை அறிந்தவருக்குத் தோற்றத்தை அமைத்துக்கொள்வதே போதுமானதாயிற்று.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கையோடு இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனபின், மலைநாட்டின் கதவுகள் எதிர்த்திசையில் திறந்தன. கொழும்பிலிருந்து கடுகண்ணாவை வழியே வண்டிப்பாதை அமைந்தது. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியிலும் ஆளுநர் எட்வர்ட் பாண்ஸின் கன்னொறுவைத் தோட்டத்திலும் 1820களில் கோப்பிச் செய்கை தொடங்கியது. 1854இல் இலங்கைப் பெருந்தோட்டக்காரர் சங்கம் கண்டியிலேயே நிறுவப்பட்டது. தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தனர். மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து, ஆள் திரட்டும் கங்காணிகளின் பின்னே புறப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, நீரில்லாத காட்டு வழியே மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து கண்டியை அடைந்தனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டவர் பலர். கோப்பிக் காலத்தில் இவர்களுள் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பியவர்கள். ஆகவே அரசும் தோட்டத் துரைமாரும் ஆண்டுதோறும் எதிர்கொண்ட கேள்வி, இன்று ஓர் இணையத்தள உரிமையாளர் கேட்பதேதான்: வருபவர்களில் புதியவர் யார், முன்பு வந்தவர் யார், வந்தவர் எங்கே தங்கிவிட்டார்?

இக்கேள்விக்குப் பிரித்தானியர் முதலில் கண்ட விடை ஏடு. துறைமுகத்தில் தலை எண்ணினார்கள். தோட்டத்தில் செக்ரோல் வைத்தார்கள். செக்ரோல் என்பது தோட்டத் தொழிலாளரின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கிய வரவுப் பேரேடு. விடியுமுன் தப்பு ஒலிக்க, பிரட்டுக் களத்தில் ஆட்கள் அணிவகுத்து நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் வாசித்து அடையாளமிடுவார். முழுநாள் வேலைக்கு ஒரு பேர், குறைவாகச் செய்ததாக மதிப்பிடப்பட்டால் அரைப்பேர். மலையகப் பேச்சுவழக்கில் கூலியின் அளவே பேராக நிலைத்துவிட்டது. பேர் விழவில்லை என்றால் அன்றைய உழைப்புக்குக் கூலியில்லை. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதற்கும் ஒருபடி மேலே சென்று, செக்ரோலில் பெயருள்ளவரும் அரிசியோ பணமோ முற்பணமாகப் பெற்றவருமான தொழிலாளி எவரும் மாத ஒப்பந்தத்துக்கு உடன்பட்டவராகவே கொள்ளப்படுவார் என்று வகுத்தது. கையொப்பம் வேண்டியதில்லை, ஏட்டில் பெயர் ஏறியிருப்பதே சம்மதமாயிற்று. அந்த ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுப் போவது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம்.

ஆனால் ஏடு மட்டும் ஒருவரை இனங்காணப் போதாது. ஒரே தோட்டத்தில் எத்தனையோ இராமசாமிகள், எத்தனையோ மீனாட்சிகள் இருந்தனர். புசல்லாவையில் பெயர் எழுதப்பட்டவர் தெல்தோட்டைக்குப் போய் வேறு பெயர் சொன்னால் அங்குள்ள ஏடு அவரைப் புதியவராகவே எழுதிக்கொண்டது. கங்காணியிடம் வழிச்செலவுக்கென்று கொடுத்த பணம் ஊரிலேயே கரைவதும், ஒரு தோட்டத்தின் செலவில் புறப்பட்ட ஆட்கள் வழியில் வேறு தோட்டத்துக்குத் திருப்பப்படுவதும் துரைமாரின் தீராத முறைப்பாடுகளாக இருந்தன. இதற்கு மாற்றாக இருபதாம் நூற்றாண்டின் வாயிலில் வந்தது தகரச் சீட்டு முறை.

தகரச் சீட்டு என்பது தோட்டத்தைச் சுட்டும் எழுத்தும் எண்ணும், ஆளுக்குரிய தொடரெண்ணும் பொறித்த ஒரு சிறு உலோக வில்லை. தோட்ட நிர்வாகம் அரசிடமிருந்து இவ்வில்லைகளைப் பெற்று ஊருக்குப் போகும் கங்காணியிடம் கொடுத்தனுப்பும். அவர் திரட்டிய ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை. அதன்பின் வழியிலுள்ள முகாம்களில் உணவும் பயணமும் அரசின் பொறுப்பாக வழங்கப்பட்டு, செலவு அவ்வெண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் பற்றெழுதப்படும். பணம் கங்காணியின் கையைக் கடந்து போக வேண்டியதில்லை. ஆளும் வேறு தோட்டத்துக்கு எளிதில் மாற முடியாது. 1904இல் பெருந்தோட்டக்காரர் திருச்சிராப்பள்ளியில் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகமும், 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பல் சேவையும், மண்டபம் முகாமில் அம்மைப்பால் குத்தி, உடுத்த துணியைக் கிருமிநீக்கம் செய்து, நாட்கணக்கில் தடுத்துவைத்து நோய் பார்த்த ஏற்பாடும் சேர்ந்து, சேலத்துச் சிற்றூரில் புறப்பட்ட ஒருவரைக் கண்டி மலையின் லயக் குடியிருப்பில் இறங்கும்வரை ஓர் எண்ணாகத் தொடர முடிந்தது. களிமண் முத்திரையில் இல்லாத தனியெண் இதில் இருந்தது; வெறும் செக்ரோலில் இல்லாத, ஆளோடு நகரும் அடையாளமும் இதில் இருந்தது. வில்லையில் எழுதியிருந்தது மிகக் குறைவே. அவ்வெண்ணைக் கொண்டு ஏட்டைத் திறப்பவருக்குத்தான் முழுக்கதையும் தெரியும். அதைக் கழுத்தில் கட்டியிருந்தவருக்குத் தெரியாது.

இதனோடு சேர்த்து நோக்க வேண்டியது துண்டு முறை. ஒரு தோட்டத்தின் துரை, இன்னின்ன ஆட்களின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்று, கூடிய முற்பணம் தரும் துரையிடம் ஆட்களைச் சேர்ப்பார். பழைய கடன் தீரும், அதைவிடப் பெரிய புதிய கடன் அதே ஆட்களின் பெயரில் ஏறும். மனிதரைப் பற்றிய குறிப்பு, அக்குறிப்புக்கு உரிய மனிதரை விட்டுப் பிரிந்து, தன்னளவில் விலைபோகும் பண்டமாகியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இலங்கை வரலாற்றில் இல்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலானோர் இந்நிலையை எதிர்த்துத் தொடர்ந்து குரலெழுப்பிய பின்னணியில், 1921இல் துண்டு தடைசெய்யப்பட்டது.

ஏடு எவர் கையில் இருந்தது என்பதன் விளைவு முழுமையாக வெளிப்பட்டது சுதந்திரத்துக்குப் பின்னரே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட, இத்தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழர், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லப்பட்டது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முந்திய காலத்தில், திருமணமானவர் ஏழு ஆண்டுகளும் மற்றவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வசித்ததை ஆவணத்தால் நிறுவ வேண்டும். இடையில் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகும். தலைமுறை தலைமுறையாகத் துறைமுகத்திலும் முகாமிலும் பிரட்டுக் களத்திலும் ஒவ்வொரு நாளும் எண்ணப்பட்ட மக்களிடம், தாம் இங்கு இருந்தோம் என்று காட்ட ஒரு காகிதம் இல்லை. அவர்கள் இருந்ததை எழுதிய ஏடுகள் தோட்டத்துக்குரியவை. கூலியையும் கடனையும் கணக்கிடுவதற்காக எழுதப்பட்டவை. எழுதப்பட்டவர் உரிமையோடு கேட்டுப் பெறக்கூடியவை அல்ல. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேரை உள்ளடக்கி விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. எஞ்சியோரின் தலைவிதியை, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பிரித்தது. நாடற்றோர் நிலை சட்டப்படி நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இணையம் கண்டிக்கு வந்தது பல்கலைக்கழகம் வழியாக. லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு 1990களின் தொடக்கத்தில் கொழும்பு, மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களை மின்னஞ்சலால் இணைத்து வளர்ந்தது. வணிக இணைய இணைப்பு நாட்டில் 1995இல் தொடங்கியது. அக்காலத்துச் சேவையகங்கள் வருகையாளரை அறிந்த முறை செக்ரோலுக்கு நெருங்கியது. ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் சேவையகம் தன் பதிவுக்கோப்பில் ஒரு வரி எழுதும். அவ்வரியில் கேட்ட கணினியின் ஐ.பி. முகவரி, அதாவது வலையமைப்பில் அக்கணினிக்கு வழங்கப்பட்ட எண், முதலில் வரும். பின்னர் நாளும் நேரமும், இலங்கை நேரமாயின் +0530 என்ற குறிப்புடன். அடுத்து கேட்கப்பட்ட பக்கத்தின் பெயர். பக்கம் கிடைத்தால் 200, இல்லையெனில் 404 என்ற விடைக்குறி. அனுப்பிய பைட்டுகளின் தொகை. பல தளங்களில் அவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதும் எந்த உலாவியைப் பயன்படுத்துகிறார் என்பதும் இறுதியில் சேரும். இந்த ஏட்டின் குறையும் செக்ரோலின் குறையே. ஒரு விடுதியின் மாணவர் அனைவரும் ஒரே முகவரியில் வெளிப்படலாம். ஒருவரே காலையில் ஓர் எண்ணிலும் மாலையில் வேறோர் எண்ணிலும் வரலாம். உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் பெயரை மாற்றிக்கொள்வதும் எளிது. மேலும், ஒரு கோரிக்கைக்கும் அடுத்த கோரிக்கைக்கும் தொடர்பு வைத்துக்கொள்ளாத வகையிலேயே வலையின் நெறிமுறை வகுக்கப்பட்டிருந்தது.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி வகுத்த குக்கி இந்தக் குறையை நீக்கியது. சேவையகம் தான் அனுப்பும் பக்கத்தோடு ஒரு சிறு குறியீட்டையும் அனுப்ப, உலாவி அதைச் சேமித்துவைத்து, அத்தளத்துக்கு மீண்டும் போகும்போதெல்லாம் திருப்பிக் காட்டும். நெட்ஸ்கேப் தளத்துக்கு வருபவர் முன்பே வந்தவரா என்று அறிவதே அதன் முதற் பயன்களில் ஒன்று. தகரச் சீட்டைப் போலவே குக்கியிலும் பெரும்பாலும் ஓர் எண்ணே இருக்கும். அதற்குரிய விவரங்கள் சேவையகத்தின் தரவுத்தளத்தில் இருக்கும். ஏறத்தாழ அதே காலத்தில் ராஸ்மஸ் லெர்டோர்வ் தன் சுயவிவரப் பக்கத்தைப் பார்ப்பவர்களைக் கணக்கிட எழுதிய சிறு நிரல்களின் தொகுதி 1995இல் வெளியிடப்பட்டு, பிஎச்பி என்ற சேவையகப்பக்க மொழியாக வளர்ந்தது. பிற்காலத்தில் உலகின் இணையத்தளங்களில் பெரும்பகுதியை இயக்கிய மொழியின் பிறப்புக்கே வருகையாளர் கணக்கு காரணமாக இருந்தது. 1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், நிரலை வருகையாளரின் உலாவிக்குள்ளேயே ஓடச் செய்தது. அதன்பின் வாயிலில் நின்று எண்ணுவதோடு கண்காணிப்பு நிற்கவில்லை. திரையின் அகலம், உலாவியின் மொழி, நேர வலயம், பக்கத்தில் எவ்வளவு தூரம் இறங்கிப் படித்தார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பவை உள்ளேயிருந்து அறிவிக்கப்பட்டன. 2005இல் அர்ச்சின் நிறுவனத்தை வாங்கிய கூகுள், அதே ஆண்டு அனலிடிக்ஸ் சேவையை இலவசமாக வழங்கியபோது, தளத்தில் ஒரு நிரல்துண்டை ஒட்டினாலே இவ்வளவும் எவருக்கும் கிடைப்பதாயிற்று.

பெரகரா விழாக் காலத்தில் அறை தேடுவோரை எதிர்பார்த்துக் கண்டி வாவியைச் சுற்றியுள்ள விடுதிகள் நடத்தும் தளங்களில் இத்தகைய நிரல்துண்டு காணப்படும்போது, அந்த விடுதிக்காரர் பார்ப்பது தொகுத்த எண்களையும் வரைபடங்களையுமே. மூல ஏடு வெளிநாட்டு நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கிறது. அத்தகைய நிறுவனங்கள் பல தளங்களிலும் ஒரே குக்கியை வாசிக்கக்கூடிய நிலையில் இருந்தால், ஒவ்வொரு முகாமிலும் வாசிக்கப்பட்ட தகரச் சீட்டு போல, ஒருவர் தளம் விட்டுத் தளம் சென்ற பயணம் முழுவதும் ஒரே வரியில் கோக்கப்படுகிறது. இதற்கு எதிர்ப்பு எழுந்து, 2017 முதல் சஃபாரி உலாவியும் 2019இல் ஃபயர்ஃபாக்ஸும் பிற தளங்களின் கண்காணிப்புக் குக்கிகளைத் தடுக்கத் தொடங்கின. விளம்பரத் தடுப்பிகள் நிரல்துண்டுகளையே ஓடவிடாமல் நிறுத்தின. அதன் விளைவாகக் கண்காணிப்பு மறுபடியும் சேவையகப் பக்கத்துக்கு நகர்ந்து வருகிறது. தளத்தின் சொந்தச் சேவையகமே விவரங்களைத் திரட்டி மூன்றாம் தரப்புக்கு அனுப்பினால், உலாவியில் அதைக் கண்டறியவும் தடுக்கவும் வருகையாளருக்கு வழியில்லை. உலாவியில் ஓடும் நிரலை அறிந்தவர் எவரும் திறந்து வாசிக்கலாம். சேவையகத்தில் ஓடுவதை அதன் உரிமையாளர் மட்டுமே வாசிக்க முடியும். இம்மாற்றம் தொழில்நுட்பத் திருத்தமாகவே பேசப்பட்டாலும், ஏட்டை மீண்டும் மூடிய அறைக்குள் கொண்டுபோகும் மாற்றம் என்பதே அதன் உண்மையான பொருள்.

இவ்விடத்தில்தான் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முக்கியமாகிறது. 2022 மார்ச் 19ஆம் திகதி சான்றுப்படுத்தப்பட்டு, கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்த இச்சட்டம், தரவு எந்தப் பக்கத்தில் திரட்டப்பட்டது என்று வேறுபாடு பார்ப்பதில்லை. ஒருவரை நேராகவோ மறைமுகமாகவோ இனங்காட்டக்கூடிய எதுவும், அது பெயராயினும் இணைய வழி அடையாளமாயினும், அதன் வரம்புக்குள் வருகிறது. தரவுக்கு உரியவர் தம்மைப் பற்றி வைத்திருப்பதைக் கேட்டுப் பெறவும், பிழையைத் திருத்துவிக்கவும், உரிய நிலைகளில் அழிக்கச் சொல்லவும் அது உரிமை தருகிறது. சம்மதம் அடிப்படையாகக் கொள்ளப்படும் இடங்களில் அச்சம்மதம் ஏட்டில் பெயர் ஏறியதால் கிடைத்ததாக இராமல், அறிந்து தெரிவித்ததாக இருக்க வேண்டும் என்கிறது. 1889ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு, சம்மதம் என்பதன் இலக்கணம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது புலப்படும். மலையகத்து இளைஞர் ஒருவர் தொழிலுக்கு விண்ணப்பிக்கும் இணையத்தளம் அவரைப் பற்றி என்ன குறித்து வைத்திருக்கிறது என்று கேட்டால், அதற்கு விடை தரும் கடமையை, உரிய பகுதிகள் நடைமுறைக்கு வருகையில், இச்சட்டம் அத்தளத்துக்கு விதிக்கிறது. 1949இல் வதிவைக் காட்ட ஆவணம் தேடி அலைந்தவர்களுக்கு, அவர்கள் பெயர் நாள்தோறும் எழுதப்பட்ட செக்ரோலின் ஒரு பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமை இருக்கவில்லை.